காருக்குப் பதினஞ்சு நாள், கழனிக்கு எத்தனை வருஷம்?



சனி, ஞாயிறுல செங்கல்பட்டு - மாமல்லபுரம் ரோட்டு ஓரமா கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. பச்சை நம்பர் பிளேட் போட்ட கார் எத்தனை போகுதுன்னு எண்ணிப் பாருங்க. பெட்ரோல் கிடையாது, டீசல் கிடையாது, கரண்டுல ஓடுற கார். போகும்போது சத்தம்கூட வராது.

இந்தக் காருக்கு வழியில கரண்டு ஏத்த ஒரு நிலையம் வேணும். பெரிய ரோடுகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நட்ட நடுவில் இருக்கிற திருக்கழுக்குன்றத்துக்கு அது வராமல் எங்கே போகும்? இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வந்தே தீரும்.

வரட்டும். நாம் ஒன்றும் காருக்கு எதிரி இல்லை. புகை குறைந்தால் நமக்கும் நல்லதுதான். நாலு கடைக்கு வியாபாரம் நடக்கும், ரெண்டு பையனுக்கு வேலை கிடைக்கும். அதைத் தடுக்கணும்னு யாரும் சொல்லலை. ஆனால் அந்த மெஷினுக்கு எந்த லைனில் இருந்து கரண்டு எடுக்கப் போறாங்க, எத்தனை நாளில் கொடுக்கப் போறாங்க? இந்த ரெண்டு கேள்வியையும் கம்பம் நடுறதுக்கு முன்னாடியே கேட்டாகணும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்ம 5 எச்.பி. மோட்டார் ஒன்று ஏறக்குறைய 3.7 கிலோவாட் இழுக்கும். காருக்கு வேகமா கரண்டு ஏத்துற மெஷின் 60 கிலோவாட் வரை இழுக்கும். அதாவது ஒரே ஒரு மெஷின், பதினாறு 5 எச்.பி. மோட்டாருக்குச் சமம்! ரெண்டு மெஷின் வைத்தால் முப்பத்திரண்டு மோட்டார். நம்ம ஊர்ப் பக்கம் கழனியில் நிற்கிற டிரான்ஸ்பார்மர் எத்தனைன்னு பாருங்க, 63 கே.வி.ஏ., மிஞ்சினால் 100 கே.வி.ஏ. அதில் இந்த மெஷின் ஒன்றைத் தொங்க விட்டால் நம்ம மோட்டாருக்கு என்ன மிச்சம் இருக்கும்?

இன்னொரு கணக்கும் இருக்கு. சின்ன கார் ஒன்றின் பேட்டரி நிறைய 30 யூனிட் பிடிக்கும். அந்த 30 யூனிட்டில் நம்ம 5 எச்.பி. மோட்டார் எட்டு மணி நேரம் ஓடும். மாமல்லபுரத்தில் கல்லையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஒரு கார், டீ குடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நின்று, ஒரு நாள் பாசனத்துக்கான கரண்டை ஏற்றிக்கொண்டு போகும். போகட்டும், காசு கொடுத்துத்தான் ஏற்றுகிறான். ஆனால் அந்த நேரத்தில் கடைசிக் கம்பத்து விவசாயிக்கு வோல்டேஜ் இறங்கி, மோட்டார் உறுமி, காயில் புகைஞ்சா, அந்தச் செலவை யார் கொடுப்பாங்க? ஒரு தடவை ரீவைண்டிங்குக்குக் கழட்டினா எத்தனை நாள் தண்ணி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரித் தண்ணி வத்தின பிறகு, சொர்ணவாரிக்குக் கிணறும் போரும்தான் கதி. கதிர் வாங்குற நேரத்தில் நாலு நாள் தண்ணி நின்னா போச்சு.

அதனால் நிலையத்துக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். பாசனத்துக்குப் போகிற லைனில் அதைச் சேர்க்கக் கூடாது. வாயால் சொன்னால் போதாது, மின்வாரியம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, நாள் கணக்கு. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. புது இணைப்பு கேட்டு மனு கொடுத்தால் பெருநகரத்தில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7 நாள், கிராமத்தில் 15 நாளில் கொடுத்தாக வேண்டும். புதுசா லைன் இழுக்கணும்னா அந்த வேலை முடிந்ததும் கொடுக்கணும். நம்ம பேரூராட்சியை எந்தக் கணக்கில் சேர்த்தாலும் கார் நிலையத்துக்கு மிஞ்சிப்போனால் பதினஞ்சு நாள்!

நமக்கு? இலவச மின்சாரத்துக்கு மனு போட்டுவிட்டு, ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்து, வருஷக்கணக்கில் காத்திருக்கிறோம். 2021-இல் தமிழ்நாடு முழுக்க இப்படிக் காத்திருந்த மனுக்கள் நாலரை லட்சம். அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு லட்சம் இணைப்பு கொடுப்பதாக அரசு அறிவித்தது. அடுத்த ஏப்ரலுக்குள் கொடுத்தும் முடித்தது. 2022 நவம்பரில் இன்னும் 50,000 என்றார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஏழு மாசத்தில் ஒரு லட்சம் இணைப்பு கொடுக்க முடியும் என்று வாரியமே நிரூபித்துவிட்டது. அப்படியென்றால் அதற்கு முன்னாடி அத்தனை வருஷம் முடியாமல் போனதற்கு ஆள் பற்றாக்குறை, கம்பி பற்றாக்குறை என்று சொன்னதெல்லாம் என்ன?

காத்திருக்க முடியாதவனுக்குத் தட்கல் என்று ஒரு வழி வைத்தார்கள். 5 எச்.பி.க்கு இரண்டரை லட்சம், 10 எச்.பி.க்கு 3 லட்சம் கட்டினால் சீனியாரிட்டியைத் தாண்டிப் போகலாம். ஒண்ணரை ஏக்கர் வைத்திருக்கிறவன் இரண்டரை லட்சத்துக்கு எங்கே போவான்? பொண்டாட்டி கழுத்தில் இருப்பதைத்தான் பார்ப்பான்.

"அவங்க காசு கட்டுறாங்க, நீங்க இலவசம்தானே" என்று ஆபீசில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். நம்ம மோட்டாருக்கான பணத்தைத் தமிழக அரசு மானியமாக வாரியத்துக்குக் கொடுக்கிறது. வாரியம் தன் கைக்காசைப் போட்டு நமக்குக் கரண்டு விடவில்லை. அந்த இலவச மின்சாரமும் யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சையில்லை. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கிளம்பிய போராட்டத்தில், பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். இருபது வருஷம் கழித்து, 1990-இல்தான் எல்லா விவசாயிக்கும் இலவசம் என்று ஆனது. 2003-இல் அதையும் பறித்தார்கள், 2004 தேர்தலில் அடி வாங்கிய பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.

வார்த்தையைக் கவனியுங்க. நமக்குக் கொடுத்தால் அதன் பேர் இலவசம், கார் வாங்குகிறவனுக்குக் கொடுத்தால் ஊக்கத்தொகை! 2019 ஆகஸ்டில் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நம்ம டிராக்டருக்கு 2025 செப்டம்பர் வரை 12 சதவீதம். தண்ணி இறைக்கிற சப்மெர்சிபிள் மோட்டாருக்கு 2022 ஜூலையில் 12-ஐ 18 ஆக ஏற்றினார்கள். மாநில அரசின் 2023 மின் வாகனக் கொள்கையில் சாலை வரி முழு விலக்கு. அரசு நிலத்தில் நிலையம் வைக்க யூனிட்டுக்கு ஒரு ரூபாய் பங்கு கொடுத்தால் பத்து வருஷத்துக்கு இடம் என்று அந்த 2022 வழிகாட்டுதலிலேயே இருந்தது. அரசு அமைப்புகளுக்குத்தான் அந்த விலை, தனியாரென்றால் ஏலம், அந்த ஏலமும் ஒரு ரூபாயில்தான் தொடங்கும். அப்படி இடம் தேடி வரும்போது ஏரிப் புறம்போக்கையும் மேய்க்காலையும் யாரும் கைகாட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை.

நம்ம தாலுக்காவில்தான் கல்பாக்கம் இருக்கிறது. 1984-இல் அங்கே முதல் அணு உலை வணிக ரீதியாகக் கரண்டு கொடுக்க ஆரம்பித்தது, 1986-இல் இரண்டாவது. அந்தக் கரண்டு உயர அழுத்தக் கம்பியில் நம்ம தலைக்கு மேலேதான் போகுது. கீழே கழனியில் நிற்கிறவன் கையில் இருப்பது மனு கொடுத்த ரசீது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடணும். மோட்டார் கொட்டாயில் இருக்கிற இலவச இணைப்பில் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடாதீங்க. "சின்ன வண்டிதானே" என்று பையன் சொல்வான். 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. வீட்டு இணைப்பில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்க. ரோட்டோரம் பட்டா நிலம் உள்ளவர்களிடம் நிலையத்துக்குக் குத்தகை கேட்டு வந்தால், எத்தனை வருஷம், இணைப்பு யார் பேரில், பாக்கி வைத்துவிட்டுப் போனால் யார் கட்டுவது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

நம்ம கேட்பது இதுதான். நிலையத்துக்குத் தனி டிரான்ஸ்பார்மர். அது வருவதற்கு முன்னால் இந்தத் தாலுக்காவில் இலவச இணைப்புக்குக் காத்திருப்பவர்கள் பட்டியல், மனு கொடுத்த தேதியோடு, மின்வாரிய ஆபீஸ் வாசலில் ஒட்டப்பட வேண்டும். காருக்குப் பதினஞ்சு நாள் கெடு வைக்கத் தெரிந்தவர்கள் நமக்கும் ஒரு கெடு சொல்லட்டும், ஆறு மாசமோ ஒரு வருஷமோ, ஒரு தேதி!

அடுத்த மாசம் கலெக்டர் ஆபீசில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த மனுவைக் கொடுக்கிறோம். உங்கள் பழைய ரசீதின் ஜெராக்ஸ் ஒன்று, பட்டா, சிட்டா நகல் ஒன்று எடுத்து வாங்க. ரசீது தொலைந்து போனவர்கள் மனு கொடுத்த வருஷத்தையும் சர்வே நம்பரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும், மற்றதை அங்கே சேர்ந்து எழுதிக்கொள்ளலாம்.