நூறு கிராமில் அடங்காத வேட்டை

மான், முயல், காட்டுப்பன்றி ஆகியவற்றின் இறைச்சியை வரிசையாக நிறுத்தி, எதில் புரதம் மிகுதி, எதில் கொழுப்பு குறைவு என்று ஒப்பிடும் அட்டவணைகள் உணவியல் பேச்சில் அடிக்கடி தலைகாட்டுகின்றன. வேட்டை இறைச்சியே மனித உடலுக்கு இயல்பான உணவு, பண்ணை இறைச்சி அதன் சீரழிந்த வடிவம் என்ற முடிவும் பெரும்பாலும் உடன்வருகிறது. அட்டவணையின் எண்களில் பிழை இல்லை. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவே ஆய்வுக்குரியது. அதனை ஆராய்வதற்கான சான்றுகளில் முக்கியமான ஒரு பகுதி புனே மாவட்டத்து மண்ணிலிருந்தே கிடைத்திருக்கிறது.

முதலில் எண்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுத் தரவுகளின்படி, சமைக்காத 100 கிராம் மான் இறைச்சியில் சுமார் 23 கிராம் புரதமும் 2.4 கிராம் கொழுப்பும் உள்ளன. ஆற்றல் 120 கிலோகலோரி. காட்டு முயலில் புரதம் ஏறத்தாழ 22 கிராம், கொழுப்பு 2.3 கிராம், ஆற்றல் 114 கிலோகலோரி. காட்டுப்பன்றியில் கொழுப்பு 3.3 கிராம், நாட்டுப்புற நம்பிக்கைக்கு மாறாக இதுவும் மெலிந்த இறைச்சியே. இவ்வளவும் வியப்பூட்டலாம், அதே தரவில் வெள்ளாட்டு இறைச்சியைப் பார்க்கும் வரை: புரதம் 20.6 கிராம், கொழுப்பு 2.3 கிராம், ஆற்றல் 109 கிலோகலோரி. புனேயின் எந்தக் கடையிலும் 'மட்டன்' என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இந்த வெள்ளாடுதான். இரும்புச்சத்தில் மான் சற்று முந்துகிறது (3.4 மில்லிகிராம், ஆட்டில் 2.8). இந்தச் சிறு வேறுபாட்டின்மீது ஒரு நாகரிக விமர்சனத்தைக் கட்டியெழுப்ப இயலாது. மாறாக, வளர்ப்பு முயலில் கொழுப்பு 5.6 கிராமாக உயர்ந்து, இரும்புச்சத்து பாதியாகக் குறைகிறது. விலங்கின் பெயரைவிட அது என்ன தின்றது, எவ்வளவு ஓடியது என்பதே இறைச்சியின் இயல்பைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது.

சொற்களின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. இன்று ஆங்கிலத்தில் மான் இறைச்சியை மட்டும் சுட்டும் 'வெனிசன்' என்ற சொல், வேட்டையாடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்து, ஒரு காலத்தில் வேட்டையில் கிடைத்த எவ்விலங்கின் இறைச்சிக்கும் வழங்கியது. வடமொழி 'மிருக' காட்டுவிலங்கு என்ற பொதுப்பொருளிலும் மான் என்ற சிறப்புப்பொருளிலும் வழங்க, தமிழ் பொதுப்பொருளை ஏற்றது. மராத்தி மானை ஏற்றது. 'வேட்டை இறைச்சி' என்பது விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவின் பெயர். அதனை ஒரு சத்துப்பொருளின் பெயராகக் கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

அட்டவணை பெருமையுடன் காட்டும் குறைந்த கொழுப்பு, வேட்டையை மட்டுமே நம்பி வாழ்ந்தோருக்கு ஆபத்தாக இருந்தது. ஒரு நாளைய 2000 கிலோகலோரியைக் காட்டு முயலிலிருந்து மட்டும் பெற முயன்றால் சுமார் 1.75 கிலோ இறைச்சி வேண்டும். அதனுடன் 380 கிராமுக்கும் மேற்பட்ட புரதம் உடலுக்குள் செல்லும். மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமாக வந்தால், அதன் நைட்ரஜனை யூரியாவாக மாற்றி வெளியேற்றும் கல்லீரலின் திறன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. வடதுருவப் பகுதி மக்களோடு வாழ்ந்த வில்யால்மர் ஸ்டெஃபான்சன் இதனை 'முயல் பட்டினி' என்ற பெயரில் பதிவுசெய்தார்: வயிறு நிறைய உண்டும் தீராத பசி, வயிற்றுப்போக்கு, தளர்ச்சி. 1983இல் ஜான் ஸ்பெத், கேத்தரின் ஸ்பீல்மன் ஆகிய தொல்லியலாளர் இதனை வேட்டைச் சமூகங்களின் பொது இடர்ப்பாடாக விளக்கினர். காட்டு விலங்குகள் மிகவும் மெலியும் காலம், மனிதனுக்கு வேறு உணவு கிடைக்காத காலமாகவும் அமைந்துவிடுவதே சிக்கல். வேட்டையர் எலும்பை உடைத்து மச்சையை எடுத்ததும், ஈரலுக்கும் கொழுப்புக்கும் தசையைவிட மதிப்பளித்ததும் இதனால்தான். ஒப்பீட்டு அட்டவணையோ தசையை மட்டுமே நிறுக்கிறது.

இனி இனாம்காவ். சிரூர் வட்டத்தில் கோட் ஆற்றங்கரையில் உள்ள இவ்வூரில் 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரி அகழாய்வு நடத்தியது. தவளீகர், சங்காலியா, அன்சாரி ஆகியோரின் அறிக்கை 1988இல் வெளிவந்தது. கி.மு. 1600 முதல் 700 வரை நீடித்த செம்புக்கற்கால ஊர் இது. மால்வா, முற்கால ஜோர்வே, பிற்கால ஜோர்வே என்று மூன்று கட்டங்கள். முதலிரு கட்டங்களில் பார்லியும் பிற தானியங்களும் கால்நடையும் வாழ்வின் அடித்தளம். கி.மு. 1000க்குப் பிந்தைய இறுதிக் கட்டத்தில் வேளாண்மை சுருங்கியது. பெரிய செவ்வக வீடுகள் மறைந்து சிறிய வட்டக் குடிசைகள் வந்தன. ஆடு வளர்ப்பும் மான் வேட்டையும் முக்கியத்துவம் பெற்றன. அட்டவணையின் தர்க்கப்படி, தானியத்திலிருந்து மெலிந்த இறைச்சியை நோக்கிய இந்த நகர்வு உடல்நலத்தை உயர்த்தியிருக்க வேண்டும்.

இனாம்காவில் குழந்தைகள் வீட்டுத் தரைக்கடியில் தாழிகளில் புதைக்கப்பட்டனர். அவ்வெலும்புகளை ஆராய்ந்த க்வென் ராபின்ஸ் ஷுக், 2011இல் வெளியிட்ட நூலில், இறுதிக் கட்டத்துக் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவும் உடல்நலிவும் தென்படுவதைக் காட்டினார். வறட்சியே காரணம் என்ற தவளீகரின் விளக்கம் இன்றும் விவாதத்தில் உள்ளது. இறந்த குழந்தைகளின் எலும்பு உயிர்பிழைத்த குழந்தைகளின் கதையை முழுமையாகச் சொல்லாது என்ற எச்சரிக்கையும் நியாயமானதே. வேட்டை இறைச்சிதான் அக்குழந்தைகளை நலியச் செய்தது என்று கூறுவது அட்டவணையாளரின் பிழையை மறுதிசையில் செய்வதாகும். ஆயினும் ஒன்று தெளிவு: தானியம் குன்றியபோது, அதன் இடத்தை மான் இறைச்சியால் நிரப்ப முடியவில்லை. தானியத்தோடு சேர்ந்தபோது மதிப்புமிக்கதாக இருந்த அதே 100 கிராம், தானியம் இல்லாதபோது வேறொரு பொருளாகிவிடுகிறது.

இந்த விவாதம் பழங்காலத்தோடு முடிந்துவிடவில்லை. மராத்தியில் 'பாரத்' என்றால் வேட்டை. வேட்டையைத் தொழிலாகக் கொண்டதால் 'பார்தி' எனப் பெயர் பெற்ற சமூகத்தார் இன்றும் மகாராஷ்டிரத்தில் பரவலாக வாழ்கின்றனர். அவர்களுள் பாசே பார்தியர் கண்ணிவைத்துக் கவுதாரி, காடை, முயல், மான் பிடித்தவர்கள். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வழி வந்த முத்திரை 1952இல் சட்டத்தளவில் நீங்கியது, சமூகத்தளவில் நீங்கவில்லை. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. அதில் எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களும் 1991 திருத்தத்தால் ஒழிந்தன. அத்தடை தேவையானது, அதனைத் தளர்த்தக் கோருவதற்குச் சத்துணவு அட்டவணை ஓர் ஆதாரமாகாது. ஆனால் கண்ணியைக் கைவிட்ட குடும்பத்தின் தட்டில் அதற்கு ஈடாக என்ன வைக்கப்பட்டது என்ற கேள்வியை வனத்துறையும் கேட்கவில்லை, உணவியலாளரும் கேட்கவில்லை. மானையும் முயலையும் ஒப்பிடுவோர், அவற்றை உண்டவர்களின் பேரக்குழந்தைகள் இன்று எதை உண்கிறார்கள் என்பதை ஒப்பிடுவதில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் மகாராஷ்டிரத்தில் சுமார் 35 விழுக்காடு என்கிறது 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு. இச்சூழலில் மலிவாகவும் சட்டப்படியும் கிடைக்கும் விலங்குணவு முட்டை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் உள்ளன. மெலிந்த வேட்டை இறைச்சியில் இல்லாத விகிதம் இது. தமிழ்நாட்டில் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை உண்டு. மகாராஷ்டிரம் 2023 நவம்பரில் வாரம் ஒரு முட்டையைப் பள்ளி உணவில் சேர்த்தது. 2025 ஜனவரியில் அதற்கான அரசு நிதி நிறுத்தப்பட்டது. இனாம்காவ் அமைந்துள்ள சிரூர் வட்டத்துப் பள்ளிகளும் அந்த ஆணைக்கு உட்பட்டவையே.