மாமாவின் சாகாவுக்கு ஒரு பிளாக்

வானொலியில் வேலை பார்க்கும் எனக்குச் சத்தம்தான் சோறு போடுகிறது. ஆனாலும் ஒரு சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

சுங்கை செம்பிலாங்கில் இருக்கும் என் மாமாவிடம் பழைய புரோட்டோன் சாகா ஒன்று உண்டு. வாரம் மூன்று நாள் அத்தையை இரத்தச் சுத்திகரிப்புக்காகக் காப்பார் வழியாகக் கிள்ளானுக்கு அழைத்துப் போவது அதில்தான். தீபாவளிக்குப் போயிருந்தபோது எஞ்சினின் அடியில் கனமாகத் தட்டும் சத்தம் கேட்டது. "வயசாச்சு இல்லம்மா, அதுக்கும் மூட்டு வலி" என்றார் மாமா. நானும் சிரித்துவிட்டேன். இரண்டே வாரத்தில் ஆயில் விளக்கு எரிந்து வண்டி சாலையோரம் நின்றது. அத்தை அன்று வாடகைக் காரில் போனார்.

பிரித்துப் பார்த்த போர்மன், மெயின் பேரிங் சுழன்று பிளாக்கையே தின்றிருப்பதைக் காட்டினார். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டது எங்கள் தவறு. வேறு பிளாக் தேட வேண்டியதாயிற்று.

1985 ஜூலையில் வெளிவந்த முதல் சாகாவின் எஞ்சின் மிட்சுபிஷி வடிவமைத்தது. அந்த வகைப் பழைய பிளாக்குகள் இன்னும் கிடைக்கின்றன. நல்லதாகக் கிடைப்பதுதான் கஷ்டம். முதல் கடையில் கழுவிச் சாயம் பூசிய பிளாக் ஒன்று பளபளவென்று இருந்தது. விலை 450 வெள்ளி. மாமா பணத்தை எடுத்தேவிட்டார். "கொஞ்சம் பொறுங்க, அளந்து பாத்துடுவோம்" என்றார் போர்மன்.

அவர் எனக்குப் புரிய வைத்தது இதுதான். கிராங் ஷாஃப்ட் ஐந்து இடங்களில் உட்கார்ந்து சுழல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் வட்டத்தின் ஒரு பாதி பிளாக்கில், மறுபாதி கழற்றக்கூடிய மூடியில். நடுவே மெல்லிய பேரிங் தகடு. வட்டம் அந்தத் தகட்டை இறுகப் பிடித்திருக்க வேண்டும். வட்டம் தேய்ந்து முட்டை வடிவமானால் தகடு அசையும். சுழன்றுவிட்டால் ஆயில் துளை அடைபடும். அதற்குப் பிறகு புது பேரிங் போட்டாலும் நிலைக்காது.

தகடுகளை எடுத்துவிட்டு, மூடிகளை அவற்றுக்குரிய இடத்தில், அம்புக்குறி முன்பக்கம் பார்க்க மாட்டி, டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்கினார். இறுக்காமல் அளந்தால் அந்த அளவு பொய். பிறகு டயல் போர் கேஜை உள்ளே விட்டு மேலும் கீழுமாக, இடச்சாய்வாக, வலச்சாய்வாக அளந்தார். முன் விளிம்பில் ஒரு முறை, பின் விளிம்பில் ஒரு முறை. மூன்றாவது வட்டத்தில் வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர். நம் தலைமுடியின் பருமன் அவ்வளவுதான் இருக்கும். அவர் கணக்கில் 0.025க்கு மேல் போனாலே யோசிக்க வேண்டும். அதே வட்டத்தில் நீலம் பாய்ந்த தடமும் இருந்தது. சூடேறிய அடையாளம். இரண்டாவது மூடி கையால் ஆட்டினாலே ஆடியது. அது வேறு பிளாக்கின் மூடி. மூடிகளைப் பிளாக்கோடு சேர்த்தே கடைவதால், ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

மூடிகளின் முகத்தைச் சற்றுச் சீவி, ஐந்து வட்டங்களையும் ஒரே நேர்கோட்டில் கடைந்து சரிசெய்யலாமாம். அந்தச் செலவையும் சேர்த்தால் 450 வெள்ளி மலிவில்லை.

அளக்க அனுமதித்த கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனோம். அங்கே கிடைத்தது கிரீஸ் படிந்த, அழுக்கான பிளாக். ஐந்து வட்டமும் சரியாக இருந்தன. நேர்கோல் வைத்துப் பார்த்தபோது வரிசையும் பிசகவில்லை. விலை 70 வெள்ளி கூடுதல். மாமா முனகிக்கொண்டேதான் கொடுத்தார்.

பழைய பிளாக் வாங்கப் போகிறீர்களா? மூடிகளோடு வாங்குங்கள். எண்களைப் பாருங்கள். அளக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். அளக்க விடாத கடையில் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை அத்தை கிள்ளானிலிருந்து போன் செய்தார். "வண்டி சத்தமே இல்லம்மா, வழியெல்லாம் நல்லாத் தூங்கிட்டேன்" என்றார்.