முதல் தலைமுறை என்னும் பீடம்

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் சிறிய இரண்டிருக்கைக் காரைப் பழைய வண்டிச் சந்தையில் தேடப் புறப்படும் எவருக்கும், வண்டியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே ஒரு தரவரிசை கையில் திணிக்கப்பட்டுவிடுகிறது. 1989-இல் வந்த முதல் தலைமுறையே மெய்யான கார். இரண்டாவது அதன் மங்கிய நகல். மூன்றாவது ஊதிப் பெருத்த துரோகம். நான்காவது மனம் திருந்தி வீடு வந்து சேர்ந்த ஊதாரி மகன். இதை ஒப்பிப்பவர்களிடம் நான்கையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ரசனையின் பெயரால் நடக்கும் சோம்பல் இது என்பதே எங்கள் கட்சி. வெறும் சோம்பல் என்றால் விட்டுவிடலாம். சேமித்த பணத்தோடு வருகிறவரை நேராகத் துருப்பிடித்த தகட்டின் மேல் கொண்டுபோய் உட்காரவைக்கும் சோம்பல் என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ரசிகர்கள் இத்தலைமுறைகளை என்ஏ, என்பி, என்சி, என்டி என்று குறியீட்டெழுத்துகளால் அழைக்கிறார்கள். என்ஏ 1989 முதல் 1997 வரை. கண்ணிமை போல் மூடித் திறக்கும் முகப்பு விளக்குகள் கொண்டது. என்பி 1998 முதல் 2005 வரை. என்சி 2005 முதல் 2015 வரை. 2015-இல் விற்பனைக்கு வந்த என்டி இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் தொடக்கத்தில் யூனோஸ் ரோட்ஸ்டர். நான்கிலும் எஞ்சின் முன்னால், உந்துதல் பின்சக்கரங்களில், இருவருக்கு மேல் இடமில்லை. பத்து லட்சமாவது வண்டி 2016 ஏப்ரலில் ஹிரோஷிமாவில் உருவானது.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இந்தத் தலைமுறைச் சண்டை அந்நியமாகத் தோன்றாது. மணிக்கொடியோடு தமிழ்ச் சிறுகதை முடிந்துபோயிற்று என்று மேடையில் பெருமூச்சு விட்டுவிட்டு, மணிக்கொடியின் ஓர் இதழைக்கூடப் புரட்டிப் பார்த்திராத பெரியவர்களை நாம் எத்தனை கூட்டங்களில் சந்தித்திருக்கிறோம்! அவர்கள் கார் வாங்கப் போனால் என்ஏதான் வாங்குவார்கள்.

முதலாவது என்பதாலேயே அது அசல் என்கிறார்கள். எதன் அசல்? பாப் ஹால் என்னும் அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர், மாஸ்டாவின் ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம் 1979-இல், பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போல எளிய, மலிவான ஒன்றை நீங்கள் செய்யலாமே என்று சொல்லப்போய்த் தொடங்கிய கதை இது. மறு ஆண்டிலேயே எம்ஜிபியின் தயாரிப்பு நின்றது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அதே 1980-இல் முடிந்தது. காலியான அந்த நாற்காலியில்தான் என்ஏ வந்து உட்கார்ந்தது. கலிஃபோர்னியாவில் அதன் உருவத்தை வரைந்தவர்களின் மனத்தில் 1960களின் லோட்டஸ் எலான் இருந்தது. இறுதி வடிவம் தந்த ஷுன்ஜி தனாகா ஜப்பானிய நோ நாடகத்தின் முகமூடிகளை மனத்தில் வைத்திருந்தார். ஓடக்கூடிய முன்மாதிரி வண்டியோ இங்கிலாந்தின் கடற்கரை நகரமான வொர்திங்கில் செய்யப்பட்டது. ஆக, பீடத்தில் ஏற்றப்பட்டிருக்கும் இந்த அசலே ஒரு மீள்சொல்லல். மழைநாளிலும் கிளம்புகிற, எண்ணெய் சிந்தாத எலான். அது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் முன்னோரைத் திருத்தி எழுதியதற்காக என்ஏவைக் கொண்டாடுகிறவர்கள், என்ஏவைத் திருத்தி எழுதியதற்காக அதன் பின்னோரைத் தூற்றுவது எந்த ஊர் நியாயம்?

அடுத்த வாதம் எடை. ஜப்பானில் வந்த முதல் யூனோஸ் 940 கிலோ. இந்த எண்ணை ஜெபமாலை போல உருட்டுகிறார்கள். பவர் ஸ்டீரிங் இல்லாத, காற்றுப்பை இல்லாத அடிப்படை வகையின் எடை அது என்பதை மட்டும் சொல்வதில்லை. 2015-இல் அதே ஜப்பானில் வந்த 1.5 லிட்டர் என்டியின் அடிப்படை வகை 990 கிலோ. கால் நூற்றாண்டுப் பாதுகாப்புச் சட்டங்கள் அனைத்துக்கும் தலைவணங்கிய பிறகு கூடியது ஐம்பது கிலோ. ஒல்லியான நண்பர் ஒருவரை வழியில் ஏற்றிக்கொண்ட கணக்கு. நீளத்திலோ என்டி, என்ஏவைவிடச் சில சென்டிமீட்டர் குட்டை.

சரி, அந்தப் பெருத்த துரோகிக்கு வருவோம். ஜப்பானில் வந்த என்சியின் அடிப்படை வகை 1,090 கிலோ. இதுதான் அந்தப் பூதம்! இன்று தெருவில் ஓடும் சாதாரணக் குடும்பக் கார்களில் பெரும்பாலானவை இதைவிடக் கனமானவை. மேலும் எடையை மட்டும் சொல்லித் திறனைச் சொல்லாமல் விடுவது அரைக்கணக்கு. முதல் யூனோஸின் 1.6 லிட்டர் எஞ்சின் 120 குதிரைத்திறன், என்சியின் 2 லிட்டர் எஞ்சின் 170. ஒரு குதிரை இழுக்க வேண்டியது என்ஏவில் ஏறத்தாழ 7.8 கிலோ, என்சியில் 6.4. பெருத்தவன்தான் வேகமாக ஓடுகிறான்.

துரோகம் என்ற சொல்லையும் சற்றுக் கறாராகப் பார்க்க வேண்டும். என்சியின் திட்டத் தலைவர் தகாவோ கிஜிமா. என்ஏவின் அடிச்சட்ட வேலையில் உழைத்தவர். தொஷிஹிகோ ஹிராய்க்குப் பின் பொறுப்பேற்று என்பியை உருவாக்கியவர். முதல் நூலை எழுதியவர்களில் ஒருவரே மூன்றாம் நூலையும் எழுதினார் என்றால், அவர் முதல் நூலை மறந்துவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வதற்கு வாசகருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். என்சியை உருவாக்கிய குழு ஒவ்வொரு உறுப்பிலும் கிராம் கணக்கில் எடை குறைத்தது. ஓட்டுநரின் தலைக்கு மேலிருக்கும் பின்பார்வைக் கண்ணாடியை எளிமைப்படுத்தி 84 கிராம் மிச்சம் பிடித்தார்கள். இந்தக் கஞ்சத்தனம் துரோகிகளுடையது அன்று.

என்சியின் குறைகளையும் நாங்கள் மூடி மறைக்கவில்லை. தொடக்க கால என்சி தரையிலிருந்து சற்று எம்பியே நிற்கும், வளைவுகளில் சாயும். கதவுப் பரப்பு கனத்துத் தெரியும், உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் மிகுதி. 2008-இன் இறுதியில் வந்த திருத்தத்தில் முன்பக்க சஸ்பென்ஷனின் அமைப்பைச் சீர்செய்தார்கள். கைகியர் கொண்ட 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை பாடத் தொடங்கியது. அதே கையோடு முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பையும் ஒட்டிவிட்டார்கள். அது எங்களுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் ஓட்டுகிறவர் பார்ப்பது சாலையை.

முகப்பு விளக்குகளைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. அவை அழகு, மேலெழும்போது குழந்தை விழிப்பதைப் போல இருக்கும். மோட்டார் பழுதானால் பானெட்டைத் திறந்து கையால் திருகி எழுப்ப வேண்டியதுதான்.

துருவுக்கு வருவோம். தரவரிசைக்காரர்கள் வாய் திறக்காத இடமும், வாங்குபவரின் பணம் கரையும் இடமும் இதுவே. எங்களில் ஒருவர் வட இங்கிலாந்தில் வசிக்கிறார். குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊர். இந்தக் கார் ஒன்றை வாங்கும் நோக்கத்தோடு அவர் சில மாதங்களாக வண்டிகளைக் குனிந்து பார்த்து வருகிறார், நாங்கள் அவரோடு தொலைபேசியில் குனிந்து பார்த்து வருகிறோம். துணிக்கூரையின் மேல் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வாய்க்காலில் இறங்கி, இருபுறமும் உள்ள வடிகுழாய்கள் வழியாகப் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் தரைக்குப் போக வேண்டும். மரத்தடியில் நிறுத்தப்பட்ட வண்டியில் இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து குழாயை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்: உள்ளே கம்பளத்துக்கடியில் தேங்கும், அல்லது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். என்ஏவும் என்பியும் பின்சக்கர வளைவை ஒட்டி உள்ளிருந்தே அழுகுவது இப்படித்தான். வெளியே வண்ணம் பளபளக்கும். விரல் நுனியால் அழுத்தினால் பிஸ்கட்.

என்பிக்கு இன்னொரு நோயும் உண்டு. முன்பக்கம் சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்ட நீள்தண்டுகள் இரட்டைத் தகட்டால் ஆனவை. இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் தங்கிவிட்டால் உள்ளே நடப்பது வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். தெரியும்போது வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதைத் தவிர வழியில்லை. அச்செலவு பல நேரங்களில் வண்டியின் விலையையே தொட்டுவிடும். என்சியும் துருப்பிடிக்காத தேவலோகத்து வண்டி அன்று. அதற்கும் வடிகால் அடைப்பு உண்டு, சக்கர வளைவுகளில் கொப்புளம் உண்டு. ஆனால் அதன் வயது குறைவு. இரும்பைப் பொறுத்தவரை வயது ஒரு வாதம்தான்.

பிரிட்டனில் மூன்றாண்டைக் கடந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையின் முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. பதிவெண்ணை இட்டால் போதும், துரு பற்றிச் சோதகர் எழுதிய எச்சரிக்கைகள் ஆண்டுவாரியாக வந்து விழும். ஒரு வண்டிக்குத் தொடர்ந்து சில ஆண்டுகள் ‘அரிப்பு’ என்று எழுதியிருந்து, திடீரென ஓர் ஆண்டு அது காணாமல் போயிருந்தால், பழுதுபார்த்தார்களா, கறுப்புப் பூச்சைப் பூசினார்களா என்று கேட்க வேண்டும். எந்தத் தலைமுறை என்ற கேள்வியைவிட இந்தக் கேள்விக்கு வரும் விடை ஆயிரம் மடங்கு பெறுமதியானது.

எஞ்சினில் முதல் இரு தலைமுறைகள் டைமிங் பெல்ட்டை நம்பியிருப்பவை. ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், மாற்றியதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். என்சிக்கும் என்டிக்கும் சங்கிலி. ‘முதலிலும் முதலான’ 1989, 1990 வண்டிகளைத் தேடியலையும் பக்தர்களுக்கு ஒரு தகவல்: 1991-இன் தொடக்கம் வரை வந்த 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் மூக்கு குட்டையானது. அங்கே சாவிப்பள்ளம் தேய்ந்து கப்பி ஆடத் தொடங்கினால், எஞ்சினைப் பிரித்து கிராங்கையே மாற்ற வேண்டிவரும். இதைத் தயாரிப்பாளரே பின்னர் திருத்திவிட்டார். அச்சுப்பிழை இருக்கும் முதல் பதிப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பது புத்தகத்தில் பரவாயில்லை; புத்தகத்தை நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதில்லை. நான்காம் தலைமுறையும் குற்றமற்றதன்று. தொடக்க கால 2 லிட்டர் என்டிகளில் கியர்ப்பெட்டிப் பழுதுகள் தலைகாட்டி, பெட்டியின் உட்பாகங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. 2018-இல் வந்த மாற்றத்தில்தான் அந்த எஞ்சின் 184 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது, ஸ்டீரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் அப்போதுதான் வந்தது. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். என்ஏவில் அவர்கள் தலை துணிக்கூரையை முட்டும்.

என்ஏவின் பக்தர்கள் சொல்வதில் ஒன்று முழு உண்மை. பவர் ஸ்டீரிங் இல்லாத நல்ல என்ஏ ஒன்றில், சாலையின் ஒவ்வொரு சுருக்கமும் உள்ளங்கைக்கு வந்து சேரும். மின்மோட்டார் உதவும் என்டியின் ஸ்டீரிங்கில் அந்தப் பேச்சு பாதி வடிகட்டப்பட்டே வருகிறது. இதை மறுக்க எங்களுக்கு மனமில்லை. ஆனால் அந்த ‘நல்ல’ என்ற அடைமொழிக்குள் எத்தனை செலவு ஒளிந்திருக்கிறது! தேய்ந்த புஷ்களும் முப்பது வயது ஷாக் அப்சார்பரும் கொண்ட என்ஏ பேசுவதை உளறல் என்றுதான் சொல்ல வேண்டும். மாஸ்டாவே ஜப்பானில் என்ஏவுக்கென ஒரு புதுப்பிப்புச் சேவையை 2017-இல் அறிவித்து, துணிக்கூரை முதல் பழைய மாதிரி டயர் வரை மீண்டும் செய்துதர முன்வந்ததென்றால், எஞ்சியிருக்கும் வண்டிகளின் நிலை என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். தனிக் கொட்டகையும், தகட்டுவேலை தெரிந்த நண்பரும், அவசரமில்லாத வாழ்க்கையும் உள்ளவர் என்ஏவை வாங்கட்டும், நாங்களே வழியனுப்பி வைக்கிறோம். தினமும் மழையில் வேலைக்குப் போய்வர ஒரே ஒரு கார் வைத்திருக்கப் போகிறவரிடம் அதைப் பரிந்துரைப்பது ரசனை ஆகாது.

எங்கள் நண்பரின் பட்டியலில் இப்போது மூன்று வண்டிகள் மிஞ்சியிருக்கின்றன. மூன்றும் 2009-க்குப் பிந்தைய 2 லிட்டர் என்சிகள். மூன்றுக்கும் எம்ஓடி வரலாற்றில் அரிப்பு என்ற சொல் இல்லை. ஒன்று சிவப்பு, இரண்டு சாம்பல். அந்த அசட்டுச் சிரிப்பு சாம்பல் நிறத்தில் சற்று அடக்கமாகத் தெரிகிறது என்கிறார் அவர். வரும் சனிக்கிழமை டார்ச் விளக்கோடும் பழைய போர்வையோடும் முதல் வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறார்.