யானைக்குக் கிடைத்த சிக்னல்

பாலக்காடு மாவட்டத்தில் மண்ணார்க்காடு வனப்பகுதியை ஒட்டி வெள்ளியாறு ஓடுகிறது. 2020 மே 27-ம் தேதி அந்த ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே ஒரு கர்ப்பிணி யானை செத்துப்போனது. வாய்க்குள் வெடி வெடித்து, தாடை சிதைந்து, பல நாட்கள் எதையும் தின்ன முடியாமல் திரிந்த யானை. காப்பாற்றப் போன வனத்துறை அதிகாரி ஒருவர் மனம் பொறுக்காமல் மலையாளத்தில் ஃபேஸ்புக்கில் எழுதினார். சில நாட்களுக்குள் அது உலகச் செய்தியாகிவிட்டது. ரத்தன் டாட்டா வருந்தினார். விராட் கோலி வருந்தினார். வருந்தாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

வருத்தத்தோடு நின்றிருந்தால் நல்லது. பாலக்காட்டில் செத்த யானை இன்டர்நெட்டில் மலப்புரத்தில் செத்தது. மேனகா காந்தி மலப்புரம் என்றார். அப்போது மத்திய அமைச்சராக இருந்த பிரகாஷ் ஜவடேகரும் ட்விட்டரில் மலப்புரம் என்றே எழுதினார். மலப்புரத்தில் எந்த மதத்தினர் அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்னாசிப் பழத்துக்குள் வெடி வைத்து யாரோ கையால் ஊட்டினார்கள் என்று கதை நீண்டது. விசாரித்தவர்களோ, பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காகத் தேங்காய்க்குள் வைத்த வெடியாக இருக்கலாம் என்றார்கள். மலையோர விவசாயிகளுக்குப் பழக்கமான, சட்டவிரோதமான, கொடூரமான ஏற்பாடு அது. திருத்தங்கள் வந்தன. ஆனால் திருத்தத்தை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

அது நடந்து பத்து வாரம் கழித்து, அதே மாநிலத்தின் இன்னொரு எல்லை மலையில் எழுபது பேர் செத்தார்கள். எல்லோரும் தமிழர்கள். அந்தச் செய்தி பக்கத்து ஊரான மூணாறுக்கு வந்து சேர ஒரு ராத்திரி முழுவதும் ஆயிற்று.

மூணாறிலிருந்து ராஜமலையைத் தாண்டிப் போனால் பெட்டிமுடி. நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த தேயிலைத் தொழிலாளிகளின் லயங்கள் அங்கே இருந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பத்தரை மணிக்கு மேல், நாள் கணக்கில் கொட்டிய மழையில் மலை பிளந்து வந்து நான்கு லயங்களை மூடியது. தப்பியவர்கள் இருட்டில் கைக்குக் கிடைத்தவர்களை இழுத்துப் போட்டார்கள். போன் செய்ய முடியவில்லை. மின்சாரம் போனதால் அந்தப் பக்கத்து டவரும் செயலற்றுக் கிடந்தது. மழையில் நடந்து ராஜமலைக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது மறுநாள் காலையில்தான். பெரியவாரையில் தற்காலிகப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்ததால் ஆம்புலன்ஸ்களும் தடுமாறின. 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு.

செய்தி வெளியே வந்த அன்று மாலையே கோழிக்கோடு கரிப்பூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையை விட்டுச் சரிந்து உடைந்தது. டி.வி. கேமராக்கள் அங்கே திரும்பின. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். முதலமைச்சர் மறுநாளே கோழிக்கோட்டுக்குப் போனார். பெட்டிமுடிக்குப் போக 13-ம் தேதி ஆனது. மோசமான வானிலை என்று காரணம் சொல்லப்பட்டது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் விமானத்தின் ஒவ்வொரு இருக்கையையும் இன்டர்நெட் அறிந்திருந்தது. லயத்தின் ஒவ்வொரு கதவையும் அறிந்தவர்கள் மண்ணுக்கு அடியில் இருந்தார்கள்.

பெட்டிமுடியிலிருந்து பரவலாகப் பகிரப்பட்ட ஒரு செய்தி உண்டு. குவி என்ற வளர்ப்பு நாய், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை மோப்பம் பிடித்துக் காட்டியது. நாயைக் குறை சொல்ல மாட்டேன். அது தன் வேலையைச் செய்தது. அதைப் பார்த்துக் கலங்கியவர்களையும் குறை சொல்ல மாட்டேன், நானும் ஒருவன். ஆனால் அந்த வருடம் கேரளத்து எல்லை மலைகளிலிருந்து நம் செல்போன் திரை வரைக்கும் தங்கு தடையின்றி வந்து சேர்ந்தவை ஒரு யானையும் ஒரு நாயும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது நடந்ததற்கு ஒரு வருடம் முன்புதான், 2019 செப்டம்பர் 19-ம் தேதி, கேரள உயர் நீதிமன்றம் பேர் பெற்ற ஒரு தீர்ப்பைச் சொல்லியிருந்தது. ஹாஸ்டலில் மாலை நேரத்தில் செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியை மீறி வெளியேற்றப்பட்ட ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி தொடுத்த வழக்கு அது. இன்டர்நெட்டைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஒரு வார்டன் பிடுங்கி வைத்த செல்போனைப் பற்றியது. மலை பிடுங்கி வைத்திருக்கும் சிக்னலைப் பற்றி யார் மேல் வழக்குப் போடுவது? தொற்றுக்காலத்தில் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் சேனல் வழியாக வீட்டுப் பாடங்கள் தொடங்கின. எஸ்டேட் பிள்ளைகள் சிலர் சிக்னல் கிடைக்கும் சாலையோரத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

டவர் கணக்கு எளிமையானது. தனியார் கம்பெனிக்கு ஆள் நடமாட்டம் வேண்டும், ரீசார்ஜ் வேண்டும். சில நூறு குடும்பங்கள் வாழும் பள்ளத்தாக்கில் லாபம் வராது. இதைச் சரிக்கட்டத்தான் 2002-ல் மத்திய அரசு ஒரு நிதியை ஏற்படுத்தியது. தொலைபேசிக் கம்பெனிகள் தங்கள் கணக்கிட்ட வருமானத்தில் ஐந்து சதவீதத்தை அதில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கிராமங்களுக்கும் மலைகளுக்கும் இணைப்புத் தர வேண்டும். இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப் பெயர். கேரளமும் சும்மா இருக்கவில்லை. மின்வாரியத்தின் கம்பங்களிலேயே கண்ணாடியிழைக் கேபிளை இழுத்து, இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற இலக்கோடு கே-ஃபோன் திட்டத்தை 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. பாராட்ட வேண்டிய யோசனைதான். என் சந்தேகம் ஒன்றுதான். மின்கம்பம் சாய்கிற மழையில் கம்பத்தோடு கேபிளும் சாயும். அன்றைக்கு உதவுவது டவரின் அடியில் இருக்கும் பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதற்குத் தோதான சமாசாரமல்ல இது.

இதே இடுக்கியில் சிக்னல் தேவைக்கு மேல் கிடைத்த கதையும் உண்டு. முல்லைப் பெரியாறு.

2011 நவம்பரில் 'டேம் 999' என்ற படம் வந்தது. தமிழ்நாடு தடை செய்தது. அந்தச் சமயத்தில் இடுக்கியில் லேசான நிலநடுக்கங்கள் வேறு. அணை உடையப் போகிறது என்ற பயம் ஒரு பக்கம், தண்ணீரைப் பிடுங்கப் போகிறார்கள் என்ற கோபம் மறுபக்கம். குமுளி வழி அடைபட்டது. இரு பக்கமும் கடைகள் தாக்கப்பட்டன. ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்கள் பயந்து ஊர் திரும்பினார்கள். குமுளி எப்படிப்பட்ட ஊர் என்பதை அங்கே டீ குடித்தவர்கள் அறிவார்கள். சில எட்டு நடந்தால் மாநிலம் மாறிவிடும். பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிப்பது கஷ்டம். அந்த ஊரிலேயே அப்படி.

பத்து வருடம் கழித்து 2021 அக்டோபரில் மறுபடி. கூட்டிக்கல்லிலும் கொக்கையாறிலும் நிலச்சரிவில் ஆட்கள் இறந்திருந்தார்கள். பயத்துக்கு நியாயம் இருந்தது. அந்தப் பயத்தின் மேல் ஒரு ஹாஷ்டேக் ஏறிக்கொண்டது. அணையை மூடு என்றது அது. நடிகர் பிருத்விராஜும் குரல் கொடுத்தார். தேனிப் பக்கம் அவர் மேல் ஆத்திரம் கிளம்பியது. 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று சொன்னதற்கான காரணங்களைப் படித்தவர்கள் இரு பக்கமும் எத்தனை பேர் என்று தெரியாது. உடைந்த அணையைக் காட்டும் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். வீண் பீதி கிளப்புகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது.

நடவடிக்கை என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம். முந்திய வருடம், 2020 நவம்பரில், இதே அரசு போலீஸ் சட்டத்தில் 118ஏ என்ற ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. அவதூறாக எதையாவது பரப்பினால் மூன்று வருடம் வரை சிறை. எது அவதூறு என்று முதலில் முடிவு செய்பவர் லோக்கல் இன்ஸ்பெக்டர். எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே வாபஸ் ஆயிற்று. இதே மாதிரிப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்திருந்தது என்பதை யாரும் அமைச்சரவைக்கு ஞாபகப்படுத்தவில்லை போலும். வாட்ஸ்அப் கம்பெனி செய்தது இதைவிடப் புத்திசாலித்தனம். 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்றது. யாரையும் சிறையில் போடவில்லை. கட்டைவிரலுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்தது, அவ்வளவுதான். அந்தக் கட்டைவிரல் களைப்படைவதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும்.

முல்லைப் பெரியாறு ஹாஷ்டேக்கில் எனக்கு உறுத்தியது வேறு. அணைக்குக் கீழே முதலில் வரும் ஊர்கள் வள்ளக்கடவும் வண்டிப்பெரியாறும். அங்கே கணிசமான ஜனங்கள் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளிகள். அணையின் தண்ணீர் போவது தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று தமிழ் மாவட்டங்களுக்கு. ஆக, அணை நிற்க வேண்டும் என்று கத்தியவர்களின் மொழியும், அணை உடைந்தால் முதலில் அடித்துச் செல்லப்படுகிறவர்களில் பலருடைய மொழியும் ஒன்றுதான். திருச்சூரிலும் சென்னையிலும் உட்கார்ந்து சண்டை போட்டவர்களுக்கு இது தெரிந்த மாதிரியே இல்லை. வண்டிப்பெரியாறு இரண்டு படையிலும் சேரவில்லை. சேர நேரமும் இருந்திருக்காது. காலையில் கொழுந்தெடுக்கப் போக வேண்டும்.

அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது எது என்பது சில வாரங்களில் தெரிந்தது. 2021 டிசம்பர் முதல் வாரத்தில் நள்ளிரவுக்குப் பிறகு அணையின் ஷட்டர்கள் உயர்த்தப்பட்டன. அதிகாலையில் பெரியாற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு, முன்கூட்டியே தகவல் கொடுத்தோம் என்றது. கேரளம், போதிய அவகாசமில்லை என்றது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கிருந்து படுக்கையில் இருப்பவரின் காதுக்குப் போக வழி இல்லை. அணை உடைவதைப் பற்றி அவர்களுடைய செல்போனுக்கு ஐம்பது வீடியோ வந்திருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆற்றில் தண்ணீர் ஏறும் என்ற ஒரு வரி வரவில்லை.

அந்த ஒரு வரிக்கு இப்போது இயந்திரம் இருக்கிறது. செல் பிராட்காஸ்ட் என்கிறார்கள். ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதில்லை. ஒரு குறிப்பிட்ட டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும். நெரிசல் பிரச்சினை இல்லை. வந்து போகிற டூரிஸ்ட்டின் போனும் அலறும். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டிலும், 31 அன்று கேரளத்திலும் சோதனை நடந்தது. ஆபீசில், பஸ்ஸில், பூஜையறையில் போன்கள் ஒன்றாக ஊளையிட்டதும், சிலர் போனைத் தூக்கிப் போட்டதும் ஞாபகமிருக்கும்.

டவருக்கு மொழி கிடையாது. எந்த மொழியில் எழுதி அனுப்புகிறோமோ அது வரும். மாநிலத்துக்கு ஒரு மொழி என்று கணக்குப் போட்டால் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களில் கணக்கு உதைக்கும். எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்பதும் அந்தந்த நிமிஷத்துக்குத்தான் வெளிச்சம். கேரளத்தின் 1969-ம் வருட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் பெறலாம் என்கிறது. மனுவுக்குத் தமிழில் பதில் தரும் அரசு, மண்சரிவுக்கும் தமிழில் எச்சரிக்கை தரலாம். அந்த டவர்களுக்கு மலையாளத்தோடு தமிழிலும் நாலு வார்த்தை சேர்த்து அனுப்ப மென்பொருளில் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. யாராவது ஒரு அதிகாரி முன்கூட்டியே உட்கார்ந்து எழுதி, சரிபார்த்து வைக்க வேண்டும். இரு மாநில அதிகாரிகளும் ஒரு நாள் குமுளியில் சந்தித்து, ஷட்டர் திறந்தால் யார் யாருக்கு எத்தனை மணிக்கு எதை அனுப்புவது என்று பேசிக்கொள்ள வேண்டும். டீ அங்கே நன்றாகவே இருக்கும்.

அதற்கும் முன்னால், ராஜமலையில் மின்சாரம் போனாலும் இரண்டு நாள் தாங்கும் பேட்டரி ஒன்று.