மறைத்த தவறு

சென்ற வாரம் ஒரு மாலை, பிள்ளையார்பாளையத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். பட்டுத் தறி நெய்பவரின் மகன். மத்திய சர்க்காரின் காவற்படையில் உத்தியோகம் கிடைக்கும் தறுவாய். கையில் நன்னடத்தை விசாரணைப் படிவம். கைது, வழக்கு, அபராதம் ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருந்தது.

பத்தொன்பதாம் வயதில் சகவாச தோஷத்தால் கஞ்சா புகைத்துப் பிடிபட்டு, கோர்ட்டில் அபராதம் கட்டியவன் அவன். இப்போது அந்தப் பழக்கம் அறவே இல்லை. “‘இல்லை’ என்று எழுதிவிடு, யார் தேடப் போகிறார்கள் என்கிறார்கள். என்ன செய்யட்டும், ஸார்?” என்றான்.

தேடத்தான் செய்வார்கள், நேயர்களே! அந்தப் படிவம் சொந்த ஜில்லாவின் போலீஸாரிடம் விசாரணைக்கு வரும். 2016-ஆம் வருஷம் அவதார் சிங் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் இதற்கு நெறி வகுத்தார்கள். கொடுக்கும் தகவல் உண்மையாயிருக்க வேண்டும் என்பதே முதல் விதி. இளமையில் செய்த அற்பக் குற்றமானால், அதை மறைத்தவனைக்கூட மேலதிகாரி மன்னிக்கலாம். ஆனால் மெய் சொன்னவனுக்கு வேலை நிச்சயம் என்பதும் இல்லை. அவனுடைய முன்நடத்தையைச் சீர்தூக்கும் உரிமை சர்க்காருக்கு உண்டு.

அமெரிக்காவிலும் இரகசியங்களைக் காக்கும் உத்தியோகங்களுக்கு இக்கேள்வி உண்டு. முன்பு கஞ்சா உபயோகித்தது கவனிக்கத்தக்கதே, ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் அங்கே அறிவுறுத்தினார்கள். காரணம் எளிது. ஒளித்து வைத்த ரகசியம் பகைவன் கையில் சிக்கும் கடிவாளம். தானே சொல்லிவிட்டவனை யார் மிரட்ட முடியும்?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. லாகிரிக்கு அடிமையானவன் தானாகவே அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குச் சென்றால், உபயோகித்த குற்றத்துக்காக அவன்மீது வழக்கு நடத்துவதில்லை. சிகிச்சையை நடுவில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம். மானத்துக்கு அஞ்சிப் பிள்ளையை வீட்டில் ஒளித்து வைப்பவர்கள் இதை அறிவது நலம்.

நான் இவ்வளவும் சொல்லி முடிக்குமுன், உடன் வந்திருந்த தகப்பனார் தாமே சொன்னார்: “பாவிலே இழை அறுந்தால் முடி போட்டுத்தான் நெய்கிறோம், ஸார். அறுந்ததை மறைத்து மடித்துக் கொடுத்தால், வாங்குகிறவர் பிரித்துப் பார்க்காமலா இருப்பார்?”

பையன் பேனாவை எடுத்தான். தேதி, வழக்கு, கட்டிய அபராதம் எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டான். உத்தரவு இன்னும் வரவில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அன்றிரவு அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.