சிறிய வண்டியா, பெரிய வண்டியா?

நம் வட்டாரத்துச் சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லும்போதெல்லாம் அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "குடும்பம் பெருகிவிட்டது, தொழிலும் சற்றே வளர்ந்திருக்கிறது, சரக்கு ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வாங்கலாமென்று இருக்கிறோம். குட்டியானை போதுமா, பெரிய பிக்கப்பாகவே வாங்கிவிடலாமா?" என்பதே அது. பொதட்டூர்பேட்டை நெசவாளரும் இதைக் கேட்கிறார். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காய்கறி விவசாயியும் கேட்கிறார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் மகனை வேலைக்கு அனுப்பிவிட்டு ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் கேட்கிறார். கேள்வி எளியதாகத் தோன்றினும், விடை தவறினால் ஐந்தாண்டு உழைப்பு வட்டிக்கே போய்விடும். ஆகவே இதைப் பற்றி நம் கருத்தை விளக்கமாக எழுதுவது கடமையெனக் கருதுகிறோம்.

கடனைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்தாருக்கு ஒரு தனி உரிமை உண்டு. இந்தியாவின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ம் ஆண்டில் நம் திரூரில்தான் தோன்றியது. கடன் என்பது வருவாயைப் பெருக்கும் பொருளுக்காக மட்டுமே வாங்கத்தக்கது என்னும் பாடத்தை அக்காலத்துப் பெரியோர் நமக்கு விட்டுச் சென்றனர். அன்று உழவு மாட்டுக்கும் விதைக்கும் பொருந்திய அந்தப் பாடம் இன்று மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

முதலில் வண்டிகளின் வகையை அறிந்துகொள்வோம். 2005-ம் ஆண்டில் டாட்டா ஏஸ் வந்த பிறகே, மூன்று சக்கர வண்டிக்கும் லாரிக்கும் இடைப்பட்ட ஒரு வண்டி சிறு தொழில் செய்வோர் கைக்கு எட்டியது. மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டனர். அதன் நீளம் ஏறத்தாழ 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், சுமை ஏறத்தாழ 750 கிலோ. அடுத்த படியில் நிற்பவை அசோக் லேலண்ட் நிறுவனம் 2011-ல் வெளியிட்ட தோஸ்த், மகிந்திரா பொலேரோ பிக்கப் முதலியன. வகைக்கு ஏற்ப ஒன்றேகால் டன் முதல் இரண்டு டன் வரை இவை சுமக்கும். இவற்றுக்கு அப்பால், முன்னும் பின்னுமாக இருக்கைகள் அமைந்த இரட்டை அறை வண்டிகள் உண்டு. பொலேரோ கேம்பர், இசுசு டி-மாக்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இசுசு வண்டிகள் முதலில் நம் திருவள்ளூரை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலேயே கோக்கப்பட்டன என்பதும், 2016 முதல் கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எல்லையைத் தாண்டியுள்ள ஸ்ரீசிட்டியில் அந்நிறுவனத்தின் சொந்த ஆலை இயங்குகிறது என்பதும் அங்கத்தினர் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இனி, எதை வாங்குவது? நம் கருத்து இதுதான்: ஆண்டில் நான்கு நாள் வரும் பெரிய சுமையைக் கருதி வண்டி வாங்கலாகாது, முந்நூறு நாள் வரும் வழக்கமான சுமையைக் கருதியே வாங்க வேண்டும்.

நெசவாளரை எடுத்துக்கொள்வோம். அம்மையார்குப்பத்திலோ அத்திமாஞ்சேரிப்பேட்டையிலோ ஒரு குடும்பம் ஏற்றி இறக்குவது என்ன? நூல் சிப்பங்கள், சாயமிட்ட நூல், பாவு, நெய்து மடித்த சேலை அல்லது லுங்கிக் கட்டுகள். துணி வண்டியை நிரப்புவது எடையால் அன்று, இடத்தால்தான். சில நூறு கிலோ சரக்கே சிறிய வண்டியின் தொட்டியை மேல்வரை அடைத்துவிடும். ஒரு டன்னுக்கு மேல் தாங்கும் வண்டியை வாங்கிவிட்டு அதன் வலுவில் பாதியைக்கூடப் பயன்படுத்தாமல் ஓட்டுவது, இரண்டு தறி உள்ள வீட்டுக்கு ஆறு தறிக் கொட்டகை கட்டியது போலாகும். நெசவாளருக்கு வேண்டியது அதிக டன் அன்று. மழை புகாத மூடிய கூண்டும் நல்ல தார்ப்பாயுமே. நெசவுத் தெருக்களின் அகலத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தெருவில் பாவு விரித்திருக்கும் வேளையில் ஐந்து மீட்டர் நீள வண்டியைத் திருப்புவது எளிதான காரியமா?

விவசாயியின் கணக்கு வேறு. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும் மூட்டை ஒன்று 40 கிலோ. சிறிய வண்டியில் சட்டப்படி 18 மூட்டையும், ஒன்றரை டன் வண்டியில் 37 மூட்டையும் ஏற்றலாம். ஆயினும் அறுவடை நாளில் இரண்டுமே போதா. டிராக்டரோ லாரியோ வாடகைக்குப் பிடித்தே ஆகவேண்டும். ஆகவே நெல்லை மட்டும் காரணம் காட்டிப் பெரிய வண்டி வாங்குவதில் பொருளில்லை. நாள்தோறும் விடியுமுன் கோயம்பேட்டுக்குக் கத்தரியும் வெண்டையும் கீரையும் அனுப்புவோர் நிலை வேறு. சொந்தச் சரக்கோடு அக்கம்பக்கத்தார் சரக்கும் சேர்ந்து அன்றாடம் ஒரு டன்னைத் தாண்டுமாயின், பெரிய பிக்கப் வாங்குவதே முறை. அத்தகையவர் சிறிய வண்டியில் இரட்டிப்புப் பாரம் ஏற்றினால் அச்சும் பட்டையும் தேய்வது ஒருபுறம், சட்டம் மறுபுறம். 2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது.

தம் சுமை எவ்வளவு என்பதைப் பலர் ஊகத்தாலேயே சொல்கின்றனர். ஊகத்தை நம்ப வேண்டா. பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு மாதங்களுக்கு ஒவ்வொரு நாளும் சென்ற சரக்கின் எடை, தூரம், கொடுத்த வாடகை ஆகிய மூன்றையும் எழுதிவைக்கச் செய்யுங்கள். எந்த வண்டி என்பதை அந்தப் புத்தகமே சொல்லிவிடும். சில வீடுகளில், வண்டியே வேண்டுவதில்லை, வாடகையே லாபம் என்றும் அது சொல்லக்கூடும்.

இப்போது பணத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்காக, ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுத் தவணையில் 5 லட்சம் ரூபாய் கடன் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,624 ரூபாய். கடன் 10 லட்சமானால் தவணை 21,247 ரூபாய். மாதத்தில் 26 நாள் வண்டி ஓடுவதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு நாளொன்றுக்கு 409 ரூபாயும், பின்னதற்கு 817 ரூபாயும் தவணைக்கென்றே எடுத்துவைக்க வேண்டும். டீசல், டயர், காப்பீடு, பழுது, ஓட்டுநர் கூலி ஆகியவை இதற்கு மேல். மழைக்காலத்தில் தறி நின்றாலும் தவணை நிற்காது. வெள்ளத்தில் பயிர் போனாலும் தவணை போகாது. நாளொன்றுக்கு வரும் இந்த 400 ரூபாய் வேற்றுமையைப் பெரிய வண்டி தானே ஈட்டித் தருமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. "குடும்பம் பெரிது, ஆகவே வண்டியும் பெரிது" என்பது விடையாகாது. குடும்பம் பெருகும்போது பள்ளிச் செலவும் மருத்துவச் செலவும் கூடவே பெருகுகின்றன. தவணைக்கு ஒதுக்கத்தக்க பணம் அப்போதுதான் குறைகிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அங்கத்தினருக்குத் தனியே ஒரு சொல். சிப்காட் தொழிற்பேட்டையில் இத்தனை ஆலைகள் இருக்கின்றனவே, வண்டியை ஆலைச் சரக்குக்கு ஒப்பந்தமாக விட்டால் தவணை தானே கட்டிவிடுமே என்று சிலர் எண்ணுகின்றனர். எண்ணம் தவறன்று, ஆனால் ஒப்பந்தம் ஓராண்டுக்கு, கடனோ ஐந்தாண்டுக்கு. அங்குள்ள உருக்காலைகளின் கம்பிச் சரக்கு நீண்ட லாரிகளுக்கு உரியது. பிக்கப்புக்குக் கிடைப்பது உதிரிப் பாகங்களும் அட்டைப் பெட்டிகளும்தான். அதற்கும் போட்டி கடுமையாக இருக்கிறது. ஆலை ஒப்பந்தம் வந்தால் அதை உபரியாகக் கொள்ளலாம். அதையே அடிப்படையாக வைத்துப் பெரிய வண்டி வாங்கலாகாது. சொந்தச் சரக்கு ஒன்றினாலேயே வண்டி நிலைத்து ஓட வேண்டும்.

சட்டத்திலும் ஒரு கோடு உண்டு. வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ம் பிரிவின்படி பர்மிட் வேண்டுவதில்லை. குட்டியானை இந்தக் கோட்டுக்குள் எளிதாக அடங்கும். பெரிய பிக்கப்புகளில் சில அடங்கும், சில தாண்டிவிடும். ஆகவே விற்பனையாளர் சொல்லை மட்டும் நம்பாமல், மொத்த எடை எவ்வளவு என எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிய குழப்பம் தீர்ந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் தனி ஒப்புதல் இன்றியே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2024 நவம்பர் 6-ம் நாள் தீர்ப்பளித்துள்ளது. தகுதிச் சான்றோ இருவகைக்கும் தேவை. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய முதன்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். "பெரிய வண்டியென்றால் திருத்தணிக்கும் பெரியபாளையத்துக்கும் குடும்பத்தோடு போய்வரலாமே" என்று அங்கத்தினர் பலர் சொல்லக் கேட்கிறோம். சரக்குத் தொட்டியில் ஜமுக்காளம் விரித்துப் பாட்டியையும் குழந்தைகளையும் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் செல்வதை ஆடி மாதத்தில் எவரும் காணலாம். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. அதைவிடக் கொடியது, விபத்து நேர்ந்தால் வரும் நிலை. 1994-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, சரக்கு வண்டியில் செல்லும் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் காப்பீட்டின் பாதுகாப்பு உண்டு. வெறும் பயணியாக ஏறிச் செல்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காப்பீட்டு நிறுவனம் அவருக்காகப் பொறுப்பேற்க வேண்டுவதில்லை என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியாயின் இழப்பீடு யார் தலையில் விழும்? வண்டியின் சொந்தக்காரர் தலையில்தான். உறவினரின் உயிரும் போய், ஈட்டுக்கு வைத்த நிலமும் போகும் நிலை இது. சிறிய வண்டியோ பெரிய வண்டியோ, சரக்குத் தொட்டி சரக்குக்கே உரியது. குழந்தைகளை அதில் ஏற்றலாகாது. திருவிழாவுக்குச் செல்ல அரசுப் பேருந்து இருக்கிறது. புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டிக்கும் போகிறது, திருத்தணிக்கும் போகிறது. பத்துப் பேராகப் போவதானால் வேன் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது, பெரிய வண்டியின் சில நாள் தவணைக்கே ஈடாகும்.

"அப்படியானால் இரட்டை அறை வண்டி வாங்கலாமே?" எனக் கேட்பது நியாயமே. அமெரிக்க நாட்டில் பிக்கப் வண்டியையே குடும்ப வண்டியாகக் கொள்வது பெருவழக்கு. அங்கே நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மிகுதியாக விற்கும் ஃபோர்டு எஃப் வரிசை வண்டிகள் இரண்டு மீட்டருக்கு மேல் அகலமும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமும் உடையவை. அங்கும் நடுத்தர அளவா, முழு அளவா என்ற வாதம் ஓயாமல் நடக்கிறது. ஆனால் அந்நாட்டின் சாலையும் வீட்டு முற்றமும் பெட்ரோல் விலையும் வேறு. நம் நாட்டில், நான்கைந்து பேர் நாள்தோறும் வயலுக்கோ சந்தைக்கோ வேலைத்தலத்துக்கோ சரக்குடன் செல்லும் வீட்டுக்குக் கேம்பர் போன்ற வண்டி உண்மையில் பயன்படும். ஐவரும் முறைப்படி இருக்கையில் அமரலாம். பின்னால் ஏறத்தாழ ஒரு டன் ஏற்றலாம். அத்தேவை உள்ளவர் தயங்காமல் அதை வாங்கலாம். மாதம் ஒருமுறை மாமியார் வீட்டுக்குப் போவதற்கு மட்டும் அதை வாங்குவது வீண் செலவு.

பெரிய வண்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இன்னொரு காரணம், "நாளை தொழில் வளரும்" என்பது. வளர வேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் வளர்ந்த பிறகு வண்டியை மாற்றுவது எளிது; வளராதபோது கடனை மாற்றுவது அரிது. நன்றாகப் பராமரித்த சிறிய வண்டிக்கு வாங்குவோர் எப்போதும் உண்டு. முதல் வண்டியின் கடனை ஒழுங்காக அடைத்த அங்கத்தினருக்கு இரண்டாவது கடன் தரச் சங்கமும் தயங்காது.

பெரிய வண்டியின் தேவை இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே தேவையில்லை என்கிறோம். பத்து வீட்டுக்காரர் ஆளுக்கொரு சிறிய வண்டியும், எல்லோருக்கும் பொதுவாகச் சங்கத்தின் பெயரில் ஒரு பெரிய வண்டியும் இருக்குமானால், அறுவடைக்கும் தீபாவளி ஜவுளிக்கும் அது முறைவைத்து உதவும். தொடக்க வேளாண்மைச் சங்கங்களைப் பல்நோக்குச் சேவை மையங்களாக்கும் திட்டத்தின்கீழ் டிராக்டர் முதலிய கருவிகளை வாங்கி உறுப்பினருக்குக் குறைந்த வாடகைக்கு விடும் வழக்கம் நம் மாநிலத்தில் வந்துவிட்டது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், தனி நெசவாளரால் நடத்த முடியாத விற்பனையைக் கூடி நடத்திக் காட்டியது. துணியைக் கூடி விற்கத் தெரிந்த நமக்கு, அதை ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூடி வைத்துக்கொள்ள மட்டும் தெரியாதா? வாடகை விகிதம், முறைப் பட்டியல், டீசல் கணக்கு, பழுதுக்கென ஒரு நிதி ஆகிய நான்கையும் முதல் நாளே தீர்மானமாக எழுதிவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமிராது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டிக் கடன் மனு வரும்போது நில ஆவணத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டா. இரண்டு மாதச் சுமைப் புத்தகத்தையும் கேளுங்கள். மனுதாரரின் மனைவியையும் ஜாமீன்தாரரையும் அழைத்து, நாளொன்றுக்கு எவ்வளவு தவணை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுச் செலவை நடத்தும் அம்மையார் அத்தொகையைக் கேட்டுத் தலையசைத்தால், அக்கடன் பெரும்பாலும் தவறாது.

அன்றாடச் சுமைக்கேற்ற வண்டி, அதற்கேற்ற கடன், குழந்தைகளுக்கு முறையான இருக்கை: இம்மூன்றையும் வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்த பின்னரே விற்பனைக் கூடத்தின் வாயிலை மிதிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.