வாக்கைச் சுமப்பவர்

2005-இல் வெளிவந்த ‘தன்மாத்ரா’ என்னும் மலையாளத் திரைப்படத்தை அண்மையில் கண்ணுற்றோம். பிளெஸ்ஸி இயக்கிய அப்படத்தில் மோகன்லால் அரசு ஊழியராக நடித்துள்ளார். அலுவலகக் கோப்பைக் குளிர்பெட்டியில் வைத்து மறப்பது போன்ற பிழைகளில் தொடங்கும் அல்சைமர் நோய், இறுதியில் அவரைக் குழந்தையாக்கி விடுகிறது. மனைவி இலேகாவோ அவரைப் பிரிவதில்லை.

பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குச் சென்றபின், நினைவிழந்த கணவரோடு பகலெல்லாம் தனித்திருக்கும் முதிய மனைவியர் நம் சேவூரிலும் உளர். “நான் சாப்பிட்டேனா?” எனக் கணவர் பத்தாம் முறை வினவுகையில் அவர்கள் சினந்தால், அது அன்பின்மையன்று, களைப்பே. நோயிலும் பிரமாணிக்கமாயிருப்போமென இருவர் கொடுத்த வாக்கை ஒருவரே சுமக்கிறார்.

பிள்ளைகளே, ஞாயிறன்று இரண்டு மணி நேரமேனும் தந்தையாருடன் நீங்கள் அமருங்கள். அம்மையார் பூசைக்கு வரட்டும். அன்றேல் சற்றே உறங்கட்டும். ஆண்டவர் கோபியார்.